தீப்பெட்டிக்குள் அடங்கும் தூண்டில்

செண்பகத்தோப்புப் பக்கம் தூண்டிலோடு வரும் தம்பிகளுக்கு,

உங்களில் யாரோ ஒருவருடைய பெட்டி என் வீட்டில் இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மாந்தோப்புகளை ஒட்டி ஓடை வளைகிற இடத்தில், இரண்டு பாறைகளுக்கு நடுவே சிக்கிக் கிடந்தது. உள்ளே இருப்பது வெளியே தெரிகிற பிளாஸ்டிக் பெட்டி. நீல மூடி. மூடியின் ஒரு பக்கத்துக் கொண்டி உடைந்துவிட்டது. எடுத்ததும் சளசளவென்று தண்ணீர் கொட்டியது. வீட்டுக்குக் கொண்டுவந்து திண்ணையில் பழைய பேப்பரை விரித்துக் கவிழ்த்தேன். ஸ்பின்னிங் மில்லில் நூல் கோன் எண்ணியே காலம் தள்ளியவன் நான். எதைப் பார்த்தாலும் கை தானாக எண்ண ஆரம்பித்துவிடும். முள் மட்டும் 83. ரப்பர் தவளை 4, ரப்பர் மீன் 9, நரம்புச் சுருள் 3, சுவிவல் ஒரு பாக்கெட், ஈயக்குண்டு ஒரு கைப்பிடி. ஒரு தவளையின் வயிற்று முள் இன்னொரு தவளையின் முதுகில் ஏறி, அதன் வாலில் நரம்பு சுற்றி, அந்த நரம்பில் ஏழெட்டுச் சின்ன முள் கொத்தாகத் தொங்கியது. ஒன்றை இழுத்தால் எல்லாம் வந்தது, கிணற்றில் பாதாளக் கரண்டி போட்டுத் துழாவியது மாதிரி. அடியில் டீ டிகாக்‌ஷன் நிறத்தில் துருத்தண்ணீர். 83 முள்ளில் தேறியது பதினொன்று.

தொலைத்தவர் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. ஒரு கையில் தூண்டில் குச்சி, மறு கையில் பெட்டி, தோளில் லேப்டாப் பை, பாசி பிடித்த பாறை. எது விழும்? பெட்டி விழுந்தது, ஆள் விழவில்லை, சந்தோஷம். ஆனால் நடந்து மீன்பிடிக்கிறவன் எதை எப்படிச் சுமக்க வேண்டும் என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை என்பது அந்தப் பெட்டியைப் பார்த்ததும் தெரிந்தது. வீடியோவில் வருகிறவர்கள் படகில் உட்கார்ந்து பிடிக்கிறார்கள். படகில் பெட்டி உட்கார்ந்திருக்கும். ஓடையில் பெட்டியும் நம்மோடு நடக்க வேண்டும்.

அதற்கு முன்னால் ஒன்று. எங்கே பிடிக்கலாம் என்பதை முதலில் பேசிவிடுவோம். சொல்லாமல் மேலே போனால் எனக்குத் தூக்கம் வராது. வனத்துறைச் சோதனைச் சாவடிக்கு மேலே தூண்டில் போகக்கூடாது. அந்தக் காடு 1988-இலிருந்து சாம்பல் நிற அணில் சரணாலயம். 2021 பிப்ரவரியில் மேகமலையையும் சேர்த்து ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் ஆயிற்று. 1972-ஆம் வருசத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘விலங்கு’ என்ற சொல்லுக்குள் மீனும் அடக்கம். காட்டுக்குள் இருக்கிற காட்டழகர் கோயிலுக்குக் கும்பிடப் போகிறீர்களா, போங்கள், அனுமதி இருக்கும் நாளில். அங்கே ஒரு பாறைக்கு மீன்வெட்டிப் பாறை என்று பெயரிலேயே மீனை வைத்திருக்கிறார்களே என்று கேட்காதீர்கள். பெயர் பழையது, சட்டம் புதியது, அபராதம் அதைவிடப் புதியது. பேயனாற்றுப் பாறையில் ஒட்டிக்கொண்டு கிடக்கிற விரல் நீள மீனைப் பிடித்து என்ன செய்யப்போகிறீர்கள்? ஒரு குழம்புக்கு நூறு மீன் வேண்டும்.

மலையை விட்டு அந்தத் தண்ணீர் இறங்கியபின்தான் நமக்கு வேலை. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்து, மேலக் கண்மாய் நிறைந்து, மறுகால் பாய்ந்து, அடுத்த கண்மாய்க்கு ஓடும்போது அந்த மறுகால் ஓடைகளில் நடந்தே பிடிக்கலாம். அங்கேயும் மீன்பாசிக் குத்தகை எடுத்தவர் இருப்பார், கேட்டுவிட்டு இறங்குங்கள். கண்மாய்க்குள் குஞ்சு விட்டு வளர்க்கிறவர் அவர். பெரும்பாலும், ‘ஒத்தத் தூண்டிலா? போட்டுக்கோங்க தம்பி’ என்றுதான் சொல்வார். வெடி, மருந்து இரண்டும் 1897-ஆம் வருசத்து மீன்வளச் சட்டத்திலேயே தடை செய்யப்பட்டவை. உங்களுக்கு அந்த எண்ணம் இருக்காது. இருந்தால் இந்தக் கடிதத்தை இத்தோடு மடித்து வைத்துவிடலாம்.

இப்போது பெட்டிக்கு வருகிறேன்.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் எழுதிய பெரும்பாணாற்றுப்படையில் தூண்டில் போடுகிற ஒரு பாண்மகன் வருகிறான். தமிழ் வாத்தியார் நடத்தியபோது எனக்கு ஏறவில்லை. ரிட்டையர் ஆனபின் நூலகத்தில் உரையோடு படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். நீண்ட மூங்கில் குச்சி, கயிறு, வளைந்த இரும்பு முள். இரைக்குப் பச்சை இறைச்சி. அந்த இறைச்சியை எதில் வைத்திருக்கிறான் தெரியுமா? தோல்பையில். பையை எங்கே கட்டியிருக்கிறான்? தோளின் பின்புறம். கையில் பிடிக்கவில்லை, இடுப்பில் தொங்கவிடவில்லை. இடுப்பில் தொங்கினால் தண்ணீரில் இறங்கியதும் நனையும், குனிந்தால் முன்னால் வந்து இடிக்கும். முதுகின் மேல் பாகத்தில் ஏற்றிக் கட்டினால் இரண்டு கையும் சும்மா இருக்கும். இரையைக் கவ்விவிட்டுத் தப்பிய வாளைமீன், அதன்பின் கரையோரப் பிரம்பின் நிழல் ஆடினாலே தூண்டில் என்று மிரளுமாம். ஏமாந்த மீனைப் பற்றி அவ்வளவு சொன்ன புலவர், பையைக் கட்டிய இடத்தையும் விடாமல் சொல்லியிருக்கிறார். ஓடையோரம் நின்று பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும்.

ஆகவே தோளில் மாட்டும் துணிப்பை ஒன்று. கல்யாண வீட்டு மஞ்சப்பை போதும். அதன் இரண்டு காதையும் நாடாவால் நீட்டி, மார்புக்குக் குறுக்கே வரும்படி மாட்டிக்கொள்ளுங்கள். கனம் கால் கிலோவைத் தாண்டக்கூடாது. இந்த அடிவாரத்தில் மாந்தோப்புக்கும் தென்னந்தோப்புக்கும் யானை இறங்குவது உங்களுக்குத் தெரியும். பெட்டியை மூடி, கொண்டி மாட்டி, பையில் வைத்து, ஜிப் இழுத்துவிட்டு ஓடுகிற அளவுக்கு யானை நேரம் தராது.

பைக்குள் என்ன? நான் வைத்திருப்பதைச் சொல்கிறேன். எல்லாம் நம் ஜில்லாச் சரக்கு.

முள்ளுக்குச் சிவகாசித் தீப்பெட்டி. 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்று வந்து தொடங்கியது, பாதி ஜில்லாவுக்குச் சோறு போட்டது. எனக்கு முள் வைக்கவும் ஆயிற்று. தேய்ந்த ஹவாய்ச் செருப்பில் தீப்பெட்டி இழுப்பறை அளவுக்கு ஒரு துண்டு வெட்டி உள்ளே பொருத்துங்கள். அதில் முள்ளை வரிசையாகக் குத்தி வையுங்கள், எல்லா முனையும் ஒரே பக்கம் பார்த்தபடி. பெரிய முள் ஒரு ஓரம், பொடி முள் மறு ஓரம். மேலே இரண்டு சொட்டுத் தையல் மிஷின் எண்ணெய். பெட்டியின் வெளிப்பக்கம் மெழுகுவத்தியைத் தேய்த்தால் வியர்வைக்கு ஊறாது. ஒரு ரப்பர் பேண்ட் கட்டாயம் போடுங்கள்.

அந்த ரப்பர் பேண்டைச் சும்மா சொல்லவில்லை. பதினாறு பதினேழு வயதில், ரப்பர் பேண்ட் போடாத தீப்பெட்டியைக் கால்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சைக்கிள் மிதித்தேன். இழுப்பறை நழுவித் திறந்திருக்கிறது. ஒரு மேட்டில் எழுந்து நின்று மிதித்தபோது தொடையில் ஏதோ எறும்பு கடித்த மாதிரி இருந்தது, உட்கார்ந்ததும் புரிந்துவிட்டது. முள் எதிர்முள்ளையும் தாண்டி உள்ளே போய்விட்டது. பின்னால் இழுத்தால் சதையோடு வரும். டாக்டர் மரத்துப்போக ஊசி போட்டு, முள்ளை இன்னும் முன்னால் தள்ளி, முனையை வேறு இடத்தில் வெளியே வரவைத்து, எதிர்முள்ளைக் கட்டரால் நறுக்கிவிட்டு, வந்த வழியே உருவி எடுத்தார். அவர் செய்ததைப் பார்த்துத்தான், முள் வாங்கியதும் எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிடும் பழக்கம் எனக்கு வந்தது. மீன் ஒன்றிரண்டு கூடுதலாகத் தப்பும்தான். போகட்டும்.

எத்தனை முள்? ஆறு பொடி, நாலு நடுத்தரம், விராலுக்கு என்று இரண்டு. பன்னிரண்டும் ஒரே நாளில் அறுந்துபோனால் அன்றைக்கு வீட்டுக்குப் போய்விட வேண்டியதுதான். கடையில் நம்பர் கேட்கும்போது குழம்பாதீர்கள்: நம்பர் ஏற ஏற முள் சிறுக்கும். 12-ஆம் நம்பர் கெண்டைக்கு. 8 போட்டால் ஜிலேபி. 1-க்கு மேலே 1/0, 2/0 என்று எழுதியிருந்தால் அங்கே கணக்கு திரும்பி, நம்பர் ஏற முள்ளும் பெருக்கும். விராலுக்கு அந்தப் பக்கம். ஜிலேபியை எத்தனை வேண்டுமானாலும் பிடியுங்கள். 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மீன் அது. கண்மாயில் உள்ளூர் மீனுக்கு இடமே வைக்கவில்லை. பொரித்தால் நன்றாக இருக்கும் என்பதையும் மறுக்க முடியாது.

நனைந்த முள்ளைத் தீப்பெட்டியில் திரும்பக் குத்தாதீர்கள். பெட்டியில் துருப்பிடித்த அந்த 72-க்கும் வேறு காரணம் தேட வேண்டாம். சட்டைக் காலரிலும், தலையில் கட்டிய துண்டிலும் குத்திக்கொள்கிற பழக்கமும் வேண்டாம். பஸ்ஸில் துண்டை உதறும்போது முள் யார் மேல் போய் விழும் என்று சொல்ல முடியாது. பைக்கு உள்பக்கம் சத்திரப்பட்டிப் பேண்டேஜ் துணியில் நாலு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு தைத்திருக்கிறேன். ஈர முள் அதில் குத்தப்பட்டு வீடு வந்து சேரும். மெல்லிய துணி, காற்று புகும், ராத்திரிக்குள் காய்ந்துவிடும். அதே துணிதான் என் புழுச் சிரட்டைக்கும் மூடி: கொட்டாங்கச்சியில் ஈரமண், மண்புழு, மேலே இரண்டு மடிப்புப் பேண்டேஜ் துணி, சுற்றி ரப்பர் பேண்ட். பிளாஸ்டிக் டப்பாவில் மூடிய புழு பன்னிரண்டு மணி வெயிலில் வெந்துபோகும். சிரட்டையில் சாயங்காலம் வரைக்கும் நெளிந்துகொண்டிருக்கும்.

நரம்பு விஷயத்தில் நான் கொஞ்சம் பெருமையடித்துக்கொள்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ராஜபாளையம் மில் 1936-இல் வந்தது. அதன்பின் இந்த ஊரில் கோன் இல்லாத வீடு கிடையாது. நூல் தீர்ந்த காகிதக் கோனைப் பேனா வைக்க, ஊதுவத்தி வைக்க, பிள்ளைகள் ஊதி விளையாட என்று எல்லாவற்றுக்கும் வைத்திருப்பார்கள். நான் தங்கூஸ் நரம்பு சுற்றுகிறேன். நரம்பை அட்டையிலோ குச்சியிலோ இறுக்கிச் சுற்றினால் அது அந்த வளைவை ஞாபகம் வைத்துக்கொள்ளும். வீசும்போது ஸ்பிரிங் மாதிரி சுருண்டு சுருண்டு விழும். கோனின் அடிப்பாகம் அகலமானது, அதில் சுற்றினால் வளைவு பெரிது, சுருள் விழாது. இன்னொரு வசதி சரிவு. நாங்கள் நெசவுக்கு அனுப்பிய கோன் நாலு டிகிரி இருபது நிமிடச் சரிவு. அந்தச் சரிவினால் நூல் கோனைச் சுழற்றாமலே நுனிப்பக்கமாக உருவிக்கொண்டு போகும். தறிக்கு எது வசதியோ அதுவே தூண்டிலுக்கும் வசதி: கோனை இடது கையில் மீன் பக்கம் காட்டிப் பிடித்துக்கொண்டு வலது கையால் வீசினால் நரம்பு விர்ரென்று போகும். ரீல் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ரீல் பழுதாகும் நாளில் கோனை நினைத்துக்கொள்ளுங்கள். இருபது மீட்டர் போதும். நம் மறுகால் ஓடையில் அக்கரைக்கே பத்து மீட்டர்தான்.

தக்கைக்கு உதிர்ந்த மயிலிறகின் தண்டு. நம் பக்கம் மயிலுக்குப் பஞ்சமில்லை. அதைவிட லேசான தக்கை எந்தக் கடையிலும் இல்லை. மூன்று துண்டு வெட்டி, வயரிங் பைப்பில் ஒரு சாண் நீளம் எடுத்து, அதற்குள் போட்டு இரண்டு பக்கமும் துணியை அடைத்துவிடுங்கள். பைக்குள் நசுங்காது. பிறகு ஒரு நகவெட்டி, ஒரு சின்னக் குறடு. அவ்வளவுதான் மொத்தச் சாமானும். வீச்சுக்கு வீச்சு ரப்பர் தவளை நிறம் மாற்றுகிறவர்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் அந்த விரால் உங்கள் தவளை பச்சையா மஞ்சளா என்று யோசிக்கிறது என நினைக்காதீர்கள், அது உங்கள் காலடிச் சத்தத்தைக் கேட்டு ஏற்கெனவே ஆகாயத்தாமரைக்கு அடியில் போயாகிவிட்டது.

ஈயக்குண்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதைப் பல்லால் கடித்து நரம்பில் இறுக்குகிறீர்கள்; நானும் கடித்தவன்தான். விடுங்கள். ஈயம் விஷம், வாயில் வைக்கும் பொருள் அல்ல. இன்னொரு கணக்கும் இருக்கிறது. பறவைக்குப் பல் கிடையாது. தின்றதை இரைப்பையில் அரைக்கக் குறுமணற்கல்லைப் பொறுக்கி விழுங்கும். சேற்றில் கிடக்கும் ஈயக்குண்டும் அதற்குக் கல்தான். இங்கிலாந்தில் ஆறுகளில் அன்னப்பறவைகள் இப்படி ஈயம் தின்று கொத்துக்கொத்தாகச் செத்ததால், 1987-இல் தூண்டிலுக்கான சிறு ஈயக்குண்டு விற்பனையைத் தடை செய்தார்கள். நம் கண்மாய்களுக்கு நாரையும் தாராவும் வருகின்றன. சைக்கிள் கடையில் சின்ன நட்டு கிடைக்கும். நரம்பில் கோத்து ஒரு முடிச்சுப் போட்டால் ஈயம் செய்யும் வேலையை அது செய்யும். அறுந்து விழுந்தாலும் துருப்பிடித்து மண்ணாகும்.

நகவெட்டி எதற்கு என்று கேட்டால், போன தை மாதத்தில் நடந்ததைச் சொல்வேன். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெரியகுளம் கண்மாயில் தண்ணீருக்குள் நிற்கிற கருவை மரம் ஒன்றில் ஒரு நீர்க்காகம் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. செத்தது என்று நினைத்தேன். கிட்டே போனதும் கண் உருண்டது. பச்சைக் கண், கண்ணாடிக் குண்டு மாதிரி. யாரோ வீசிய நரம்பு கிளையில் மாட்டியிருக்கிறது, இழுத்துப் பார்த்து வராமல் அறுத்துவிட்டுப் போயிருக்கிறார். ஒரு இழை வலது இறக்கையில், ஒரு இழை காலில். துண்டைத் தலையில் போட்டு மூடியதும் அடங்கியது. இறக்கையின் மூட்டில் நரம்பு ஐந்து சுற்றுச் சுற்றி, தோலுக்குள் இறங்கியிருந்தது. விரலால் தடவினால் தட்டுப்படவில்லை, நகவெட்டியின் நுனியை வைத்துத்தான் தூக்க முடிந்தது. ஒவ்வொரு சுற்றாக அறுத்தேன். ஐந்தாவதை அறுக்கும்போது அது துண்டுக்குள்ளிருந்து என் கட்டைவிரலைக் கொத்தியது. அதன் மூக்கும் முனையில் வளைந்த கொக்கிதான். இறக்கி விட்டேன். பறக்கவில்லை, இறக்கையைத் தொங்கவிட்டபடி தத்தித் தண்ணீரில் இறங்கி நீந்திப் போனது. மறுநாள் காலையில் போய்ப் பார்த்தேன், காணவில்லை. நரி பிடித்ததா, பறந்துவிட்டதா, எப்படியென்று தெரிந்துகொள்ள வழியில்லை.

சோதனைச் சாவடிக்கு மேலே தூண்டில் வேண்டாம் என்று நான் மல்லுக்கட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம். அங்கே சாம்பல் நிற அணில் தரையில் இறங்காமல் மரத்துக்கு மரம் கிளை வழியாகவே போய் வரும். ஓடைக்கு மேலே கவிந்திருக்கும் கிளைகள் அதற்கு ரோடு.

அதனால் என் பையில் இரண்டாவது தீப்பெட்டி ஒன்றும் உண்டு. அது காலிப் பெட்டி. அறுந்த நரம்பு, வளைந்த முள், யாரோ போட்டுவிட்டுப் போன சுருள் எல்லாம் அதற்குள் போகும். வீட்டுக்கு வந்ததும் நரம்பை விரல் நீளத் துண்டுகளாக நறுக்கித்தான் குப்பையில் போடுவேன். முழு நீளத்துக்குப் போட்டால் குப்பைமேட்டில் காக்கை காலில் சுற்றிக்கொள்ளும். போகும்போது காலியாகப் போகிற பெட்டி திரும்பும்போது நிறைந்துதான் வருகிறது. மீன் அப்படி நிறைவதில்லை.

கோன் வேண்டுமென்றால் என்னிடம் பத்துப் பன்னிரண்டு கிடக்கிறது, வந்து எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வருசம் மறுகால் பாய்ந்தால் காலை ஆறரைக்கெல்லாம் ஓடைக்கரைப் பாலத்தடியில் இருப்பேன். பாலத்து டீக்கடையில் மஞ்சப்பைக்காரர் என்று கேட்டால் கை காட்டுவார்கள்.

நீல மூடிப் பெட்டியைக் கழுவிக் காயவைத்திருக்கிறேன். தேறிய பதினொரு முள்ளும் எண்ணெய் போட்டுச் செருப்புத் துண்டில் குத்தியிருக்கிறது. நான்கு தவளைகளில் ஒன்றுக்கு ஒரு கால் பிய்ந்திருக்கிறது. எந்த நிறத் தவளை, எந்தக் கால் என்று சரியாகச் சொல்பவர் வாங்கிக்கொள்ளலாம். ஈயக்குண்டை மட்டும் தரமாட்டேன்.

இப்படிக்கு,
பழைய கோன் வைண்டிங் ஆள்,
ராஜபாளையம்.